பலகையில் குரூப் 4 என்று எழுதுங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு திறந்த மடல்

உங்களில் பலருக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சிலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். சிலர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறீர்கள், சிலர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து ஓய்வும் பெற்றுவிட்டீர்கள். 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக, ஊர் அடங்கிய பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பாடம் நடத்தியவர்கள் என்ற ஒரே தகுதியை வைத்து உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு வேலை இருக்கிறது. சம்பளம் கிடையாது. அது உங்களுக்குப் புதிதல்ல.

நான் தொழிற்பயிற்சி ஆசிரியர். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை, வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற, அல்லது மூன்று மாதம் ஒரு வேலை, அடுத்த மூன்று மாதம் சும்மா என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு ஃபிட்டர் தொழிலும் அதற்கு வேண்டிய கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். பயிற்சி முடிந்தால் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் போவார்கள். வந்து சேரும்போது எல்லார் கையிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருக்கும். பாதிப் பேரிடம் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலும் இருக்கும்.

பட்டறையில் ஸ்டீல் ரூலின் முனை தேய்ந்துபோயிருக்கும். அதனால் பழகிய கை பூஜ்யத்திலிருந்து அளக்காது. பத்தாவது மில்லிமீட்டர் கோட்டில் வைத்து அளக்கும். 64 வேண்டுமென்றால் 74-ல் கோடு கிழிக்கும். முதல் வாரத்தில் இதைச் செய்துகாட்டுவேன். பிறகு ஒரு தகட்டுத் துண்டைப் பத்தில் வைத்து, இது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பேன். "எழுபத்தி நாலு சார்." எப்படி என்று கேட்டால், ரூலில் 74 என்று போட்டிருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவான். எங்கே தொடங்கியது என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். வெர்னியர் காலிப்பருக்கு வந்தால் இன்னும் சங்கடம். அதில் ஒரு கோடு 0.02 மில்லிமீட்டர். தசமம் புரியாதவனுக்கு அது வெறும் இரும்பு. 0.5 பெரியதா, 0.12 பெரியதா என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் 0.12 என்பார்கள். காரணமும் தெளிவாகச் சொல்வார்கள்: "அஞ்சை விடப் பன்னிரண்டு பெருசுல்ல சார்." இந்தப் பதிலை நான் கேலி செய்வதில்லை. அதில் ஒரு யோசனை இருக்கிறது. தப்பான படியில் நிற்கிற யோசனை. அந்தப் படியை ஆறாம் வகுப்பில் யாரும் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

என் வகுப்பில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பிரதம் அமைப்பு நடத்தும் அசர் ஆய்வு, 2023-ல் 14 முதல் 18 வயது வரையிலான கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. நாடு முழுக்க 28 மாவட்டங்கள்; தமிழ்நாட்டில் பெரம்பலூர். ஸ்கேலில் பூஜ்யத்திலிருந்து வைத்த பொருளை அளக்கச் சொன்னபோது ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அதே பொருளைக் கொஞ்சம் நகர்த்தி வேறு எண்ணில் வைத்ததும் 39 சதவீதமாக விழுந்துவிட்டது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம். தங்கள் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்க முடியாதவர்கள் நான்கில் ஒருவர். 39 என்ற எண்ணைப் பார்த்ததும் என் கண் முன்னே வந்தது அந்த 74-தான்.

இனி உங்கள் காலத்து அளவுகோலை எடுங்கள். 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் யாரை எழுத்தறிவு பெற்றவர் என்று சொல்லலாம் என்பதற்கு ஒரு வரையறை வைத்தது. உங்களுக்கு அது மனப்பாடமாக இருந்திருக்கும். நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பார்த்து எழுதுவது என்றால் நிமிடத்துக்கு 7 சொல். சொல்லச் சொல்ல எழுதுவது 5 சொல். மூன்று இலக்கக் கூட்டலும் கழித்தலும், இரண்டு இலக்க எண்ணால் பெருக்கலும் வகுத்தலும். எடை, நீளம், பரப்பு, நேரம் தெரிய வேண்டும். வட்டி என்றால் என்ன என்று ஓரளவு புரிய வேண்டும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கல் உடைக்கிற அக்காவுக்கும் நாற்று நடுகிற அம்மாவுக்கும் வைத்த அளவுகோல் இது. மூன்று புத்தகம், 200 மணி நேரம். இந்த அளவுகோலை என் வகுப்பில் வைத்தால் வாசிப்பில் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். கணக்கில் பாதிக்கு மேல் விழுந்துவிடுவார்கள். அறிவொளிக் கணக்கில் இவர்கள் எழுத்தறிவு பெறாதவர்கள். அரசாங்கக் கணக்கில் பத்தாம் வகுப்பு தேறியவர்கள்.

எப்படி ஆனது என்று கேட்பீர்கள். ஆசிரியரைத் திட்டுவதோ பிள்ளைகளின் செல்போனைத் திட்டுவதோ சுலபம். நான் ஒரே ஒரு பையனின் வருடங்களை மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டியபோது அவன் எட்டாம் வகுப்பு. ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவன் வகுப்பறையில் உட்கார்ந்தது சில வாரங்கள்தான். 2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு எல்லோரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்திலேயே அறிவிப்பு வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவன் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அது ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை. அடுத்த ஆண்டு எண்ணும் எழுத்தும் வந்தது. அது முதல் மூன்று வகுப்புகளுக்கு. இரண்டும் நல்ல திட்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் அவன் பெரியவனாகிவிட்டான். 2022 மே மாதம் பொதுத்தேர்வு எழுதி எப்படியோ தேறினான். இப்போது வேலை தேடுகிறான். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. அங்கே போனால், நீ பத்தாவது பாஸ், இது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்பார்கள். திறன் பயிற்சி மையத்துக்குப் போனால், நீ பத்தாவது பாஸ், அதனால் உனக்குக் கணக்குத் தெரியும் என்பார்கள். இரண்டு வாசலையும் அடைப்பது ஒரே காகிதம்.

திறன் பயிற்சி என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பல மையங்களில் முதல் வாரமே பெர்சனாலிட்டி டெவலப்மெண்ட் என்று ஒரு வகுப்பு நடக்கிறது. கை குலுக்குவது எப்படி, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்வது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். பிள்ளைகள் அந்த நாலு ஆங்கில வாக்கியத்தை மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். கடைசியில் வேலை கிடைத்து ஒரு பக்க நியமனக் கடிதம் கையில் வந்தால், அதைப் போட்டோ எடுத்துத் தெரிந்த அண்ணன் ஒருவருக்கு அனுப்புகிறார்கள்: "என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுண்ணே." கடிதம் தமிழில் இருந்தாலும் இதேதான். ஒரு வரியை வாசிப்பார்கள். மூன்றாவது வரி வரும்போது முதல் வரி போயிருக்கும்.

வேலையில்லாதோர் பதிவேட்டில் ஐந்து வருடம் காத்திருந்தால் தமிழ்நாட்டில் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலை முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. தேறியவனுக்கும் தவறியவனுக்கும் அரசு கண்ட வித்தியாசம் நூறு ரூபாய். என் வகுப்பில் அந்த அளவுகூட இல்லை.

இப்போது உங்களை ஏன் கூப்பிடுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

அறிவொளி நாட்களில் உங்கள் வகுப்புக்கு வந்த பாட்டிகள் என்ன சாக்குச் சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? கண்ணு தெரியல, விளக்கு வெளிச்சம் பத்தல, கையெல்லாம் காய்ப்பு. இன்றைக்கு இருபது வயதுப் பையனிடம் ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னால், "தலை வலிக்குது சார்", "கண்ணு எரியுது சார்" என்கிறான். சாக்கு ஒன்றுதான். ஆனால் வெட்கம் வேறு. பாட்டியின் வெட்கம் தெருவுக்கே பொதுவானது; பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தெரியாது, எதிர் வீட்டுப் பாட்டிக்கும் தெரியாது. அதனால்தான் தெருவிளக்கடியில் பாய் விரித்து, ஊர் பார்க்க உட்கார முடிந்தது. இவன் வெட்கம் இவனுக்கு மட்டும். வீட்டில் மதிப்பெண் பட்டியலை லாமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். பாட்டு, நாடகம், கலைப்பயணம், ஊர்வலம் என்று நீங்கள் எதையெல்லாம் வைத்து ஊரைத் திரட்டினீர்களோ, அதில் ஒன்றைச் செய்தாலும் இவன் வரமாட்டான். மைக் சத்தம் கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் போய்விடுவான்.

ஆகவே வகுப்புக்கு எழுத்தறிவு என்ற பெயரே வேண்டாம். அடிப்படை, மறுவாய்ப்பு, குறைதீர் என்று எதுவும் வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது சரியான வழி. நாமும் அதையேதான் செய்ய வேண்டும். ஆனால் மீசை வைத்தவனிடம் போய் "தம்பி, நீ இன்னும் அரும்பு" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பலகையில் குரூப் 4 இலவச வகுப்பு என்று எழுதுங்கள். அரசு வேலைக்கான அந்தத் தேர்வுக்குத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 2022-ல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. ஊரில் வேலை தேடுகிற எல்லாப் பிள்ளையும் ஒரு முறையாவது அதற்கு விண்ணப்பித்திருப்பார்கள். அதற்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் அம்மா காப்பி போட்டுக் கொடுப்பார். இது ஏமாற்று இல்லை. அந்த வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதி நூறில் 25 கணக்கும் மனத்திறனும். கணக்கு என்றால் சுருக்குதல், சதவீதம், விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும். ஒரு ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? வேலை எல்லாருக்கும் கிடைக்காது, இத்தனை லட்சம் பேரில் சில ஆயிரம் பேருக்குத்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். அவர்களுக்கும் அது தெரியும். கணக்கு மட்டும் எல்லாருக்கும் மிஞ்சும்.

ஆனால் வினாத்தாளிலிருந்து தொடங்காதீர்கள். அறிவொளியில் நீங்கள் அகர வரிசையில் தொடங்கவில்லை, அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொல்லில் தொடங்கினீர்கள். இங்கே புழங்குவது பணம். என் வகுப்பில் நான் முதலில் எடுப்பது சம்பளச் சீட்டு. அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம்: 1,440. இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம்: 90. ஏன் பிடித்தார்கள் என்று தெரியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டு வேலையை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்மையில் ஏமாறுகிற இடம் வேறு, அது ஓ.டி. சட்டப்படி மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி. 12,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 461 ரூபாய்ச் சொச்சம். அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 57 ரூபாய்ச் சொச்சம். இருமடங்கு என்றால் 115. காண்ட்ராக்டர் கொடுப்பது 60. இரண்டு வருடம் வேலை பார்த்தும் இது தெரியாமல் இருப்பார்கள், ஏனென்றால் 461-ஐ 8-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் நின்றுபோகிறார்கள். அசர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்தது இதே கணக்கில்தான்: மூன்று இலக்கம், ஓரிலக்கத்தால். செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறதே என்பீர்கள். எதை எதால் வகுக்க வேண்டும் என்று அது சொல்லாது.

இரண்டாவது, பைக் கடன். ஷோரூமில் பத்து சதவீத ஃபிளாட் வட்டி என்பார்கள். 90,000 ரூபாய், மூன்று வருடம். வட்டி 27,000, மொத்தம் 1,17,000, மாதத் தவணை 3,250. இதுவரை போட்டுவிடுவார்கள், கொஞ்சம் தள்ளினால் போதும். பிறகு நான் கேட்பேன்: முப்பதாவது மாதம் நீ பாக்கி வைத்திருக்கிற அசல் எவ்வளவு, எந்த அசலுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய்? அப்போதுதான் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பத்து சதவீதம் ஏறக்குறைய பதினெட்டு. இந்த ஒரு கணக்குக்காக, அதுவரை பெஞ்சில் தலை வைத்துப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் ஏற்கெனவே பதினோரு தவணை கட்டியவன். அதிலிருந்து நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம் என்பதற்குப் போவது ஒரு எட்டுதான். ஊரில் ரெண்டு வட்டி என்று சொன்னால் சின்னதாகக் கேட்கிறது. வங்கி நகைக்கடன் ஒன்பது சதவீதம் என்றால் பெரிதாகக் கேட்கிறது. எத்தனை குடும்பங்கள் இந்தக் காது மயக்கத்தில் நகையை வெளியே வைத்து மூழ்கின!

வாசிப்புக்கும் இதே வழி. கதைப் புத்தகம் பிறகு பார்க்கலாம். நியமனக் கடிதம், கடன் பத்திரத்தின் பின்பக்கம், சிங்கப்பூர் ஏஜெண்ட் கொடுக்கிற பேப்பர். ஒருவன் வாசிக்க, மற்றவன் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதுதான் முக்கியம். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி நாள் முழுக்க அரட்டை அடிக்கிறார்கள். நீளமாக வாசித்துப் பொருளைப் பிடித்து வைக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. அதனால் 200 மணி நேரம் தேவைப்படாது என்பது என் கணிப்பு. மாலையில் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து மாதம் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மில்லுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் யாரும் வேலையில்லாதோர் கணக்கில்கூட வருவதில்லை, வேலை தேடவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். இவர்களுக்கு மாலை வகுப்பு ஒத்துவராது. மதியம், மகளிர் குழுக் கட்டடத்தில், அக்காமார்கள் நீங்கள் நடத்தினால்தான் வருவார்கள். அறிவொளியோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அந்த 1992-ல் எத்தனை வீட்டு வாசலில் நின்று எத்தனை மாமியாரிடம் பேசினீர்கள்! அந்தப் பேச்சு எனக்கு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். வேலையே இல்லாத ஊரில் வகுத்தல் கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? கணக்கு வேலையை உண்டாக்காது. அது ஆலை வைப்பவர் கையிலும் அரசாங்கத்தின் கையிலும் இருக்கிறது. வடநாட்டுப் பையன்கள் வந்து வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோமே, அதுவும் பொய். அவர்களிலும் பலருக்கு இந்த 74 வராது. ஓ.டி. கணக்குக் கேட்காமல் வேலை பார்க்கிறார்கள் என்பதால் கூட்டி வருகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இருக்கிற வேலைக்கு நுழைவுத் தேர்வு என்று ஒரு தாளைக் கொடுத்ததும் கும்பலாக வெளியே வருகிற நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். உள்ளே போனவர்களும் ஹெல்ப்பராகவே ஐந்து வருடம் நிற்கிறார்கள், ட்ராயிங் பார்த்து மார்க்கிங் போடத் தெரியாததால். ஹெல்ப்பருக்கும் ஃபிட்டருக்கும் நடுவில் இருப்பது கை வேலை மட்டும் இல்லை.

உங்களைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்கு ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்து இயக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டார் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் இரவில் பாடம் நடத்தியவர்கள் யார்? பத்தாவது முடித்து, பன்னிரண்டாவது முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நீங்கள்தான். வேலையில்லாத இளைஞர்கள் என்று இன்று எழுதுகிறோமே, அந்தப் பட்டியலில் அன்று உங்கள் பெயர் இருந்தது. பள்ளியில் தேறியும் புரியாமல் போன வகுத்தல், இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் புரிந்தது என்று உங்களில் சிலரே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கணக்கு பிடிபட்ட பிள்ளையை மூன்றாவது மாதமே அடுத்த பெஞ்சுக்கு ஆசிரியராக்கிவிடுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஓரமாக உட்கார்ந்தாலும் வகுப்பு நடக்கும்.

சான்றிதழ் கேட்பார்கள், கொடுக்க வேண்டாம், அவர்களிடம் ஏற்கெனவே போதுமானது இருக்கிறது. அதிகாரிகள் யாராவது வந்து பேனர் வைத்துப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள், மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். இடத்துக்கு ஊர்ப்புற நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சாயங்காலம் அங்கே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

முனை தேய்ந்த ஸ்டீல் ரூல்களும் தகட்டுத் துண்டுகளும் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. பெயரை மறைத்த சம்பளச் சீட்டு நகல்களும் பழைய குரூப் 4 வினாத்தாள்களும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு எத்தனை வேண்டும் என்று சொன்னால் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். முதல் வகுப்புக்குப் போவதற்கு முன் அந்த 25 கேள்விகளையும் நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். அதில் நாலைந்து நமக்கும் மறந்திருக்கும்.

அன்புடன்,
ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியர்,
புதுக்கோட்டை